மாதிரிக் கோச்சி: வளர்ந்த ஆளுக்கு இதில் என்ன இருக்கிறது?

கேள்வி (ஜனவரி 11)

திருகோணமலையில் ஒருவர் வீட்டில் தண்டவாளம் போட்டு பொம்மைக் கோச்சி ஓட்டுகிறாராம். ஒரு எஞ்சினுக்கு ஒரு மாதச் சம்பளம் போகும் என்கிறார்கள். வட்டமாகச் சுற்றுவதைப் பத்து நிமிசம் பார்த்தால் அலுத்துவிடாதா? ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சரி. வளர்ந்த ஆளுக்கு இதில் என்ன சந்தோசம்? செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

நீங்கள் சொல்லும் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். உப்புவெளிப் பக்கம் வேறு யாரும் செய்வதாகக் கேள்விப்படவில்லை. சுவரோரமாக எட்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். அதில் வட்டமே கிடையாது. ஒரு முனையில் திருகோணமலை நிலையம். மறு முனையில் தண்டவாளம் ஒரு பனங்கூடலுக்குப் பின்னால் போய் மறைகிறது. அங்கே மறைந்தால் கோச்சி கந்தளாய்க்குப் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

வட்டம் அலுக்கும் என்பது சரி. கடைசி நிலையம் அலுக்காது. கோச்சி வந்து நிற்கிறது, அதற்கு மேலே தண்டவாளம் இல்லை. எஞ்சினைப் பெட்டிகளிலிருந்து கழற்றி, பக்கத்துப் பாதை வழியாக ஓட்டி, மறு முனையில் கொண்டுவந்து கொழுவ வேண்டும். இரண்டு பொயின்ட்டும் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பாதையில் ஒரு சரக்குப் பெட்டியை நேற்றே விட்டுவைத்திருந்தால் இன்றைக்கு எஞ்சின் உள்ளே சிக்கிக்கொள்ளும். இதையெல்லாம் முன்கூட்டி யோசித்துத்தான் கோச்சியை உள்ளே எடுக்க வேண்டும். ஒரு கோச்சியை எடுத்து, திருப்பி, அனுப்பி முடிய அரை மணித்தியாலம் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்தில் வேறு ஒரு நினைப்பும் வராது. சந்தோசம் அதில்தான்.

ஜனவரி 12, காலை

காசு விசயம். புது எஞ்சின் விலை உண்மைதான், வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் சுங்க வரியும் சேரும். ஆனால் கடைசி நிலையத்துக்கு ஒரு எஞ்சின் போதும். மிச்சமெல்லாம் கைவேலை. என் நிலையக் கட்டடம் பழைய கலண்டர் மட்டை. மேடை பிளைவூட். நெளிதகரக் கூரைக்கு, சமையலறை அலுமினியத் தாளைச் சீப்பின் பற்கள் மேல் வைத்து, ஒவ்வொரு பல்லுக்கு இடையிலும் ஈர்க்கால் மெதுவாக அழுத்திக்கொண்டு போனால் போதும். பிறகு மண்ணிறத்தைத் தண்ணியாகக் கரைத்து ஒரு தரம் பூசினால், உப்புக்காற்றில் கறள் பிடித்த தகரம் அச்சாக வந்துவிடும்.

ஜனவரி 14

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டு அடிப் பலகைகூட எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. நான்கு அடியில் என்ன செய்யலாம்?"

நிறையச் செய்யலாம். ஆங்கிலேயர் ஒருவர், அலன் ரைட், இங்கிள்நூக் என்று ஒரு ஷண்டிங் புதிர் அமைத்தார். ஷண்டிங் என்றால் எஞ்சினால் பெட்டிகளைப் பாதை மாற்றி அடுக்குவது. மூன்று பாதை, இரண்டே பொயின்ட். ஒரு பாதையில் ஐந்து பெட்டி கொள்ளும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. இழுத்து நிற்கும் பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டியும் மட்டும் கொள்ளும். மொத்தம் எட்டுப் பெட்டி. பெயர் எழுதிய துண்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்து பெட்டியையும் நீளப் பாதையில் நிறுத்த வேண்டும். 8, 7, 6, 5, 4 ஐப் பெருக்கிப் பாருங்கள்: 6720 வரிசை. தினம் ஒன்று செய்தாலும் பதினெட்டு வருசம் ஓடும். கையால் பெட்டியைத் தூக்கி வைக்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம்.

ஜனவரி 17

அளவுக் கணக்குக் கேட்டிருந்தீர்கள். நான் நில அளவைப் படம் வரைகிற வேலை செய்பவன், எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். கணக்கு வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

கடையில் அதிகம் கிடைப்பது எச்.ஓ. என்ற அளவு. அது 87க்கு 1, அதாவது உண்மையானதில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையில் 16.5 மி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதையின் அகலம். நம்முடையது அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. இந்தியாவிலும் அதே. 87க்கு 1 இல் நமக்கு 19.3 மி.மீ. வேண்டும். அந்த அகலத்தில் கடையில் ஒன்றும் கிடைக்காது. தண்டவாளத்தைக் கையால் பதித்து, ஒவ்வொரு அச்சையும் அகட்டிக்கொள்ள வேண்டும். செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கையெடுத்துக் கும்பிடலாம்.

இன்னொரு வழி, கணக்கை மறுபக்கம் போடுவது. 1676ஐ 16.5ஆல் பிரித்தால் 101.6. ஆக, கடைத் தண்டவாளத்தையே வைத்துக்கொண்டு எஞ்சினையும் பெட்டியையும் ஏறக்குறைய 100க்கு 1 இல் கட்டினால் அகலம் சரியாகிவிடும். மட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல வழி. 100க்கு 1 என்றால் ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர். அளவுகோலைப் பார்த்த உடனேயே வெட்டலாம்.

நான் 87இலேயே நிற்கிறேன். மனித உருவம், சக்கரம், கொக்கி எல்லாம் அதில் வாங்கலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது பாதை ஒடுக்கம் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியும், அதற்காக நான் பக்கவாட்டிலேயே கதிரை போட்டிருக்கிறேன். ஆங்கிலேயரின் ஓ.ஓ. அளவும் இப்படித்தான்: உடல் 76.2க்கு 1, தண்டவாளம் அதே 16.5. கணக்குப் போட்டால் அவர்கள் பாதை 1257 மி.மீ. தான் வரும். பல தலைமுறையாக அப்படியே ஓட்டி மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 17, சற்றுப் பிறகு

கல்ஓயா சந்தியிலிருந்து திருகோணமலை வரை 70 கிலோமீற்றர் அளவு. 87க்கு 1 இல் முழுவதையும் கட்டினால் 800 மீற்றர் வரும். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தை இரண்டு தரம் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே எல்லோருமே சுருக்கித்தான் கட்டுகிறோம். இரவு மெயிலில் என்னிடம் நான்கு பெட்டிதான்.

ஜனவரி 19

வேகம். அதிகம் பேர் எஞ்சினைப் பறக்கவிடுகிறார்கள். மணிக்கு 60 கி.மீ. என்றால் 87க்கு 1 இல் ஒரு செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர்தான். ஷண்டிங் வேகம் 20 கி.மீ. என்று வைத்தால் ஒரு செக்கனுக்கு ஆறரை சென்ரிமீற்றர்கூட இல்லை. அடிமட்டத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த வேகத்துக்குக் கொண்டுவந்த உடனேயே அதற்கு நிறை வந்துவிடும், எண்பது தொன் இரும்பு நகர்வதுபோல இருக்கும்.

ஜனவரி 23

இது திருகோணமலைக்காரருக்கு முக்கியம், கவனமாக வாசியுங்கள். தண்டவாளத்துக்கு இடையில் சல்லி போட வேண்டும். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறது, நிறமும் பொருத்தம், அள்ளிக்கொண்டு வரலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அள்ளுங்கள், ஆனால் அப்படியே போடாதீர்கள்.

நம் கரையில், புல்மோட்டைப் பக்கம் போகப் போக, மணலில் கறுப்புக் கறுப்பாகத் தெரிவது கனிமம். புல்மோட்டையில் அதைத்தான் அள்ளிப் பிரிக்கிறார்கள்: இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன். இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். கோச்சி எஞ்சினின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஓடும்போது ஒரு மணல் மணி மேலே எழும்பி உள்ளே போனால் அங்கேயே ஒட்டிக்கொண்டு, சுற்றுகிற பகுதியை உரசும். அதை எடுப்பதற்கு எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: மணலை வாளியில் போட்டு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுங்கள். உப்பு மிஞ்சினால் மாரி காலத்தில் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும். வெயிலில் காயவைத்து வெள்ளைக் கடதாசியில் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மணலுக்கு மேலால் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். பையின் அடியில் கறுப்பு மீசைபோல மயிர் மயிராக நிற்கும். பையை வேறு பக்கம் கொண்டுபோய்க் காந்தத்தை வெளியே எடுத்தால் அத்தனையும் உதிரும். மீசை முளைப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இந்த வேலைக்கு அடிபடுவார்கள்.

ஒட்டுவதற்குப் பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் கம் மணலுக்கு மேலே உருண்டு நிற்கும், இறங்காது.

ஜனவரி 26

உப்புக்காற்றில் தண்டவாளம் என்ன ஆகும் என்று ஒருவர். பித்தளைத் தண்டவாளம் வாங்காதீர்கள், நிக்கல் சில்வர் வாங்குங்கள். கடலோர ஊரில் பித்தளை மிக விரைவில் மங்கிவிடும், எஞ்சின் விக்கி விக்கி ஓடும். நிக்கல் சில்வரையும் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். எஞ்சின் சக்கரத்துக்கு இன்னொரு வழி: தண்டவாளத்துக்குக் குறுக்கே அல்கஹோல் நனைத்த டிசுவை விரித்து, எஞ்சினின் ஒரு பாதியை அதில் ஏற்றி, மறு பாதி மின்சாரம் எடுக்கும்படி பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். சக்கரம் தானே தேய்த்துக்கொள்ளும். டிசுவில் இரண்டு கறுப்புக் கோடு விழும்.

பலகையின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் மார்கழி ஈரத்தில் வளையும்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "எல்லாம் சரி, ஆனாலும் விளையாட்டுச் சாமான்தானே?" என்கிறார். சரி, விளையாட்டுச் சாமானாகத்தான் தொடங்கியது. ஜேர்மனியில் மார்க்லின் 1891இல் சாவி கொடுத்து ஓடும் கோச்சிகளைக் குறிப்பிட்ட பாதை அகலங்களோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிராங்க் ஹோர்ன்பி இங்கிலாந்தில் 1920இல் தொடங்கினார். ஆனால் அந்த விளையாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் 1946இல் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினார்கள். பலகைக்கு மேலே இருக்கும் ஊரைவிடப் பலகைக்கு அடியில் இருக்கும் வயரிலும் சுவிச்சிலும் மயங்கிக் கிடந்த கூட்டம் ஒன்று அதில் இருந்தது. கணினிக்காரரின் முதல் ஹக்கர் (கணினியைத் துருவித் துருவி ஆராய்கிறவர்) தலைமுறை அங்கேயிருந்துதான் வந்தது. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரத்தில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் காட்சியகத்தைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இன்றைக்கு ஒரு ஆர்டுயினோவும் (சின்னக் கணினிப் பலகை) மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகையும் இருந்தால், டிசிசி இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம். எஞ்சினுக்குள் டிகோடர், அதாவது தனக்கு வரும் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சின்னச் சுற்று, வைக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும். பொயின்ட்டைத் திருப்ப ஒரு சின்ன சேர்வோ மோட்டார் போதும். ஓ.எல். படிக்கிற பெடியன் ஒருவன் இதை எனக்குப் பூட்டித் தந்தான். இப்போது அவன் எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறான்.

பெப்ரவரி 2

இந்தக் கிழமை ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். கோச்சியில் கார்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் மாவுக் கோச்சியைச் சீனக்குடா ஆலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய் மறு முனையில் கொழுவினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, வெளிக்கிடப் போறீரோ? அப்ப நான் எங்க நிக்கிறது?" என்றார். கார்ட் பெட்டி இப்போது எஞ்சினுக்குப் பின்னாலேயே நிற்கிறது! அது கோச்சியின் வாலில் நிற்க வேண்டியது. ஆகவே எஞ்சினைச் சுற்றுவதோடு வேலை முடியாது, கார்ட் பெட்டியையும் தனியாக இழுத்து மறு முனையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அரை மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலமாகிவிட்டது, சந்தோசமும் அதே அளவு கூடியது.

அவர் டப்லெட் பற்றியும் சொன்னார், பாதைக்கு அனுமதியாகக் கொடுக்கும் உலோக வில்லை அது. ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் ஒரு கோச்சிதான் இருக்கலாம். இரண்டு நிலையத்திலும் இருக்கும் கருவிகள் மின்கம்பியால் பிணைந்தவை. ஒன்றிலிருந்து ஒரு டப்லெட் வெளியே வந்துவிட்டால், அது மறுபடி கருவிக்குள் போகும்வரை இரண்டில் எதிலிருந்தும் அடுத்ததை எடுக்க முடியாது. வளையத்தில் மாட்டிய பையில் அதை டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் போகக் கூடாது. இப்போது எங்கள் பலகைக்கும் ஒரு டப்லெட் உண்டு, பித்தளை வாஷர் ஒன்று. பெடியனும் நானும் சேர்ந்து ஓட்டும்போது அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை.

பெப்ரவரி 3

வட்டத்தைப் பற்றி முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அதே பெரியவர் போகும்போது, "சும்மா ஓடவிட்டுப் பாக்க ஏலாதோ?" என்று கேட்டார். வேலை செய்த காலத்தில் அவர் கோச்சிக்கு உள்ளேயே இருந்தவர், வெளியே நின்று அது போவதைப் பார்த்தது குறைவாம். வட்டப் பாதை அப்படி ஒருவருக்கு வேண்டும். புது மோட்டாரைப் பழக்கவும் வேண்டும்: அரை மணித்தியாலம் முன்னுக்கு, அரை மணித்தியாலம் பின்னுக்கு. தரையில் போட்டு எடுக்கும் வட்டத் தண்டவாளம் ஒன்றை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 8

எஞ்சின் எது என்று கேட்டவருக்கு: எம்2 வகை டீசல் எஞ்சின். கொழும்புத் திட்ட உதவியாக 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கியவை, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணப் பெயர்கள் கொண்டவை. உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். அடிப்பாகம் ஒரு பழைய அமெரிக்க எஞ்சினுடையது.

மலைப்பாதை ஏன் கட்டவில்லை என்றும் அவரே கேட்டார். ஆசை இருக்கிறது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. மாதிரி ரயில்காரர்கள் உயரம் இறங்குவதற்குப் பலகைக்குள் சுருள் பாதை கட்டுவார்கள். தெமோதரையில் மலையே அதைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாதையின் ஏற்றம் 44க்கு 1 வரை இருக்கிறது, சின்ன எஞ்சின் நாலு பெட்டியோடு அதில் வழுக்கும். நம் பாதை தட்டையான பாதை, பலகைக்கு ஏற்ற பாதை.

பெப்ரவரி 9

மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது என்று ஒருவர் சிரித்தபடி கேட்டார். சாதாரண முறையில் ஓடும் எஞ்சினுக்கு வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம். மோட்டார் சைக்கிள் பற்றரியும் 12 வோல்ட். 2022 மின்வெட்டில் ஊர் இருட்டாகக் கிடக்க இரவு மெயில் ஓடியது. ஆனால் பியூஸ் போடாமல் பற்றரியை இணைக்கவே கூடாது. ஒரு பெட்டி தடம் புரண்டு குறுக்கே விழுந்தால் வயர் தீப்பிடிக்கும்.

பெப்ரவரி 15

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சாவகச்சேரி நிலையத்தை 1990க்கு முன்னர் இருந்தபடி கட்ட வேண்டுமாம். அப்போது அவர் பிறக்கவில்லை. "நான் பார்க்காத ஒன்றைக் கட்டலாமா?" என்று கேட்கிறார்.

கட்டுங்கள் தம்பி. 1990இல் நின்ற கோச்சி மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடையில் ஒரு தலைமுறை தண்டவாளத்தையே பார்க்காமல் வளர்ந்தது. அந்த நிலையத்தில் இறங்கி ஏறியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களிடம் "பழைய நிலையம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். ஒரு மட்டைக் கட்டடத்தைச் செய்து முன்னால் வைத்துப் பாருங்கள். "கிணறு இந்தப் பக்கம், வேம்பு அந்தப் பக்கம், டிக்கெட் ஜன்னல் இவ்வளவு உயரமில்லை, நான் எட்டிக் காசு குடுத்தனான்" என்று விரலை நீட்டத் தொடங்குவார்கள். ஆகவே முதல் கட்டடத்தை ஒட்டாதீர்கள், ஊசியால் குத்தி மட்டும் வையுங்கள். கை வைத்து மாற்ற அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

எனக்கும் அதேதான் நடந்தது. பலகை செய்யத் தொடங்கும்வரை திருகோணமலை நிலையத்தை நான் உண்மையில் பார்த்ததே இல்லை, அங்கே ஏறி இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது மேடையின் ஓரக் கல் எந்தக் கோணத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். டீசல் சொட்டிய கறை எந்த இடத்தில் அதிகம் என்று பார்க்கிறேன், எஞ்சின் வழமையாக எங்கே நிற்கும் என்பதை அது காட்டிவிடும். ஊரில் இருப்பது இவ்வளவா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பெப்ரவரி 16

மான்! ஊருக்குள் மான் திரியும் ஊரைக் கட்டிவிட்டு மான் வைக்காமல் விடலாமா என்று மகள் கேட்டாள். புள்ளிமான் தோள்வரை 90 சென்ரிமீற்றர் அளவு, 87க்கு 1 இல் ஒரு சென்ரிமீற்றர். மெல்லிய செப்புக் கம்பியை முறுக்கிக் காலும் கழுத்தும் செய்து, மேலே கம்மும் மரத்தூளும் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு செம்மண்ணிறம். புள்ளிக்குத் தூரிகை சரிவராது, ஊசி நுனியை வெள்ளைப் பெயின்ட்டில் தொட்டுக் குத்த வேண்டும். ஒரு மானுக்கு ஒரு மாலை. வாழைப்பழத் தோலுக்கு நிற்கிற மாதிரி ஒன்றைத் தேநீர்க் கடை வாசலில் வைத்திருக்கிறோம்.

பெப்ரவரி 22

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். மகனுக்கு ஒன்பது வயது, எதில் தொடங்குவது என்று. இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். நான்கு அடிப் பலகை, இரண்டு பொயின்ட், மேலே சொன்ன ஷண்டிங் புதிர். குட்டை எஞ்சின் வாங்குவதானால் எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கிறதா என்று பாருங்கள். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கு பிளாஸ்டிக்காக இருக்கும் பொயின்ட்டில் மின்சாரம் கிடைக்காமல் குட்டை எஞ்சின் நின்றுவிடும், பிள்ளைக்குக் கோபம் வரும். பெட்டிகளை மட்டையில் அவனையே செய்யவிடுங்கள்.

அடுத்தது நான் தொடங்குவது தம்பலகாமம் நிலையம், இரண்டாவது பலகை. முன்பக்கம் நானே போய் அளந்துவிட்டேன். பழைய காலத்தில் பின்பக்கம் எப்படி இருந்தது, கைகாட்டி மரம் எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். கலியாண வீட்டுப் போட்டோ, பள்ளிக்கூடச் சுற்றுலாப் போட்டோ, எதிலாவது பின்னணியில் அந்த நிலையம் ஒரு மூலையாவது விழுந்திருந்தால் இங்கே போடுங்கள். ஆட்களின் முகத்தை மறைத்துவிட்டுப் போட்டாலும் போதும், எனக்குக் கூரைதான் வேண்டும்.